கஞ்சியில் தேறிய வடிகட்டி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும், இந்த அம்மா ஏன் இப்படிப் பொரிந்து தள்ளுகிறது என்று கேட்க வேண்டாம். இலங்கையில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டு அறையொன்றில் பிறந்து, இக்கரை முகாமில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் வரிசையில் நின்று, கடைசியில் நிக்கோபாரில் ஒரு தீவில் கொண்டுவந்து இறக்கப்பட்டவளுக்கு வாயையும் விட்டால் வேறு என்ன மிச்சம்?

எங்கள் தீவில் மரங்கள் பால் வெட்டும் பக்குவத்துக்கு வந்தது எழுபதுகளின் பின்பாதியில். விடிந்ததும் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, வெயில் ஏறுவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். ஸ்டோர் என்றால் கடை இல்லை. தோட்டத்து ஆட்கள் ஃபேக்டரியை அப்படித்தான் சொல்வோம். பாலைச் சல்லடையில் ஊற்றி வடிகட்டித் தொட்டியில் விட வேண்டும். பிறகு தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அடித்து, புகை போட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலை இந்த வடிகட்டுவதுதான். பட்டைத் தூளோ எறும்போ உள்ளே போனால் ஷீட்டில் கறுப்புப் புள்ளி விழும். புள்ளி விழுந்த ஷீட்டை மெயின்லேண்டில் யாரும் சீண்டமாட்டார்கள்.

வாளிகளைப் பார்த்து, திரிந்த பாலை ஒதுக்கி, நல்ல பாலை ஊற்றச் சொல்வது என் வேலை. என் வீட்டுக்காரர் ஸ்டோரில் ஃபிட்டர். சல்லடை கழுவுவது அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. முகாமில் பக்கத்துத் தடுப்பில் இருந்தவள். அவளுடைய புருஷன் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டார். இலங்கையில் மழைநாளில் சரிவில் உருண்டு, அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே கோணிப்போயிருந்தது. மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்ட அவளால் ஆகாது. உட்கார்ந்த இடத்தில் சல்லடை கழுவுவாள். ஒரு சல்லடை அடைத்ததும் எடுத்து, அடுத்ததை வைத்து, எடுத்ததைத் தண்ணீரில் அலசி, கம்பி வலையில் சிக்கிய ரப்பரை விரலால் உரித்து எடுப்பாள். ஓயாத வேலை. பால் உறையாமலிருக்க விடும் அம்மோனியாவின் நெடியில் கண் சிவந்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும்.

"ஏங்க்கா, ஒரு நாளு படுத்துதான் எந்திரியேன்" என்பேன்.

"படுத்தா பேரு வெட்டிருவாங்க புள்ள. பேரு போனா எம்மவன் எங்கிட்டு வருவான்?"

அதுதான் விஷயம். அவளுக்கு ஒரே மகன். அவர்கள் இந்தியாவுக்கு வர மனுப் போட்டபோது அவனுக்கு வயது கூடிவிட்டது, தனி மனுப் போடட்டும் என்று பிரித்துவிட்டார்கள். தாயும் தகப்பனும் கப்பலேற, அவன் மனு அங்கேயே கிடந்தது. எப்போதாவது ஒரு கடிதம் வரும். நான் வாசித்துக் காட்டுவேன், அவள் சொல்லச் சொல்ல நானே பதிலும் எழுதுவேன். அவன் அங்கிருந்து கிளம்பினாலும் நினைத்த மாதிரி எங்கள் தீவில் வந்து இறங்கிவிட முடியாது. நிக்கோபார்க்காரர்களின் தீவு அது. வெளியாள் கால் வைக்கப் பாஸ் வேண்டும். செக்ரோலில், தோட்டத்து ஆள் கணக்கில், தாயின் பேர் இருந்தால் அவளுக்கு லயத்தில் அறை. அறை இருந்தால் மகனுக்குப் பாஸ். பேர் போனால் எல்லாம் போச்சு. அந்தக் கோணல் காலோடு அவள் பிடித்துக்கொண்டிருந்தது சல்லடையை இல்லை, மகனை.

அந்த வருஷம் எங்கள் ஷீட் இரண்டு தடவை திரும்பி வந்தது. புள்ளி, புள்ளி என்று புகார். அடிக்கடி சல்லடை மாற்றும்போது ஓரமாகப் பால் வழிந்து அழுக்கோடு தொட்டிக்குள் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். தானே சுத்தம் செய்துகொள்ளும் வடிகட்டி வாங்கலாம் என்று மெயின்லேண்டில் இருந்த பெரிய ஆபீஸ் முடிவு செய்தது. அடுத்த கப்பலில் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்து இறங்கினார். கையில் படம் போட்ட புத்தகம், கூடவே ஒரு மரப்பெட்டி. பாவம், கடல் அலைத்ததில் முகம் வெளிறி, ரெண்டு நாள் வெறும் எலுமிச்சைத் தண்ணீர்தான் குடித்தார். நல்ல மனுஷன். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது, என் வாய்க்கே வராது.

ஸ்டோர் மேடையில் வைத்துப் பெட்டியைத் திறந்தார். இரும்புக் குடுவை. உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே முடி நுழையும் அளவு இடைவெளி. அந்த வழியாகத்தான் பால் உள்ளே போகும். அழுக்கு வெளியே நின்றுவிடும். மேலே ஒரு கைப்பிடி. அதைத் திருகினால் தகடுகள் சுற்றும், பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்னக் கத்திகள் அழுக்கை வழித்துக் கீழே தள்ளும். அடியில் உள்ள குழாயைத் திறந்தால் அழுக்கு வெளியே வந்துவிடும்.

"நிறுத்தவே வேணாம் சார். பால் ஒரு பக்கம் போயிட்டே இருக்கும், அழுக்கு ஒரு பக்கம் வந்துட்டே இருக்கும். பெயின்ட், எண்ணெய், கரும்புச் சாறு எல்லாத்துக்கும் போட்டிருக்கோம்" என்றார் எங்கள் மேனேஜரிடம். மேனேஜரை நாங்கள் பழைய பழக்கத்தில் தொரை என்போம். அவரும் மெயின்லேண்டுக்காரர்தான், தொரை என்றால் கொஞ்சம் கூச்சப்படுவார், ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

நான் சும்மா இருப்பேனா? "அப்ப சல்லட கழுவுற ஆளுங்க?" என்றேன்.

"ஆளே தேவையில்லம்மா. அதுதானே இதோட சிறப்பு" என்று சிரித்தார் கம்பெனிக்காரர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா கையில் இருந்த சல்லடையிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கழுவவில்லை, வைக்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அவர் புத்தகத்தைப் புரட்டி ரெண்டு படத்தைக் காட்டினார். ஒன்றில் மோட்டார் வைத்திருந்தது, தானாகச் சுற்றும். இன்னொன்று பெட்டியில் வந்த இதே கைப்பிடி மாடல்.

"இது திருக ஒரு ஆளு நிக்கணும்ல சார்?"

"ஆமா, நிக்கணும். ஆள் மறந்துட்டா அடைச்சிக்கும். இதுல உள்ள ஒரே குறை அதுதான். மோட்டார்தான் நான் சொல்லுவேன்."

அவர் கண்ணுக்கு அது குறை. எங்கள் கண்ணுக்கு அக்காவின் இடம் அது. ஒரு முக்காலி போட்டால் உட்கார்ந்தபடியே திருகலாம், கால் வேண்டாம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"தொரைகளே, நம்ம ஜெனரேட்டரு எப்ப பந்த் ஆவுதுன்னு அதுக்கே தெரியாது. மோட்டார போட்டுட்டு, பாதிப் பாலு ஊத்தையில கரண்டு போச்சுன்னா? மோட்டாரு கெட்டா சாமானுக்கு அடுத்த ஜகாஸ் கப்பலு வர்ற வரைக்கும் வாயப் பாத்துக்கிட்டு நிக்கணும். கைப்பிடின்னா ஒரு கை இருந்தாப் போதும். இங்க கைக்கா பஞ்சம்?"

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தொரை யோசித்தார். "சரி, கைப்பிடியே இருக்கட்டும். ஆனா ஓட்டிப் பாத்துட்டுதான் வாங்குவேன்" என்றார்.

ஓட்டிப் பார்க்கப் பால் வேண்டுமே. அன்றைக்குப் பிடித்தது மழை. மழையில் வெட்டினால் பால் பட்டை வழியே வழிந்து மண்ணுக்குத்தான் போகும், வெட்டவே முடியாது. வடிகட்டியைப் பூட்டி முடிப்பதற்குள் இருந்த கொஞ்சப் பாலும் ஷீட் ஆகிவிட்டது. மழை விடவில்லை. கப்பல் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. அந்தக் கப்பலை விட்டால் கம்பெனிக்காரர் எங்கள் தீவில் மாதக்கணக்கில் மழை பார்க்க வேண்டியதுதான். தொரை ஸ்டோர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது அக்காதான் சொன்னாள். "தொரைகளே, கஞ்சி காச்சி ஊத்திப் பாத்தா என்னங்க? அதுவும் வெள்ளயாத்தானே இருக்கு, பாலு மாதிரியே கெட்டியாக் காச்சிரலாம்."

தொரை கம்பெனிக்காரரைப் பார்த்தார். கம்பெனிக்காரர், "நல்ல யோசனையா இருக்கே" என்றார். என் வீட்டுக்காரரும் ஆமாம் என்றார். நானும் ஆமாம் என்றேன். அங்கே நின்ற எல்லோருக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது.

லயத்தில் அன்றைக்கு ஒரே அமர்க்களம். ரேஷன் அரிசியில் ஆளுக்கொரு பிடி போட்டோம். பிள்ளைக்குச் சோறு குறையும் என்று முனகியவளைக்கூட நான் விடவில்லை. "அடியே, ஒரு வேள சோறுதானே, செத்தா போயிருவ?" என்று பிடுங்கி வந்தேன். பெரிய அண்டாவில் அரிசியைக் குழைய வேகவைத்து, கடைந்து, தண்ணீர் விட்டு, பால் பதத்துக்குக் கொண்டுவந்தாள் அக்கா. விரலை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். பட்டைத் தூள், தேங்காய் நார், இலைச் சருகு எல்லாம் அள்ளிப் போட்டோம். செத்த எறும்புகூட விடவில்லை.

கஞ்சியை ஊற்ற ஊற்ற அக்கா முக்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினாள். என்ன சொல்ல! இந்தப் பக்கம் நாரும் சருகும் சேற்று உருண்டையாக விழுந்தது. அந்தப் பக்கம் கஞ்சி மாசு மறுவில்லாமல் வெளுத்து வந்தது. கம்பெனிக்காரர் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். நாங்கள் கை தட்டினோம். தொரை கூடத் தட்டினார். அக்கா திருகுவதை நிறுத்தாமல் சிரித்தாள். பக்கத்துத் தடுப்புக்காரியாக இத்தனை வருஷம் இருந்தும், அவளுக்குக் கடைவாய்ப் பல் ரெண்டு இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படிச் சிரித்தாள்.

கஞ்சிக்கும் பாலுக்கும் உள்ள வித்தியாசம் எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து ரப்பர்ப் பாலில் கை நனைத்தவர்கள் நாங்கள். ரெண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தால் அது திரண்டு ரப்பராகிவிடும். எங்கள் குழந்தைகள் அப்படித் தேய்த்துத்தான் பந்து செய்து விளையாடும். கஞ்சியை எவ்வளவு தேய்த்தாலும் கஞ்சிதான். கத்தி வைத்து வழிக்கிற வடிகட்டிக்குள் பால் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? தூ! யோசிக்கவில்லை. எல்லோர் கண்ணும் அக்காவின் முக்காலி மேலேயே இருந்தது.

வடிகட்டியை இங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கம்பெனிக்காரர் கப்பலேறினார். "அம்மா, கைப்பிடியை மறக்காமத் திருகிட்டே இருங்க, அவ்வளவுதான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். தொரை புதுப் பதவி ஒன்றும் போட்டார்: வடிகட்டி ஆள். செக்ரோலில் அக்காவின் பேருக்கு எதிரே அது ஏறியது. பழைய சல்லடைகளை ஆட்கள் எடுத்துப்போனார்கள். தீவில் கம்பி வலை கிடைப்பதேது? ஒருத்தர் கொசுவுக்குப் பயந்து ஜன்னலில் அடித்தார், ஒருத்தி கோழிக்குஞ்சு மேல் கவிழ்த்தாள், இன்னொருத்தி மீன் காயவைக்க வெட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டு ஜன்னலிலும் ஒன்று இருந்தது. அன்றைக்கு இரவே அக்கா என்னிடம் மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். புது வேலை கிடைத்திருக்கிறது, உட்கார்ந்தே செய்கிறேன், பாஸுக்கு மனுப் போட்டிருக்கிறேன், கிளம்பி வா என்று எழுதினேன்.

மழை விட்டது. சும்மா கிடந்த மரங்கள் வெட்டிய கத்தி ஈரம் காயும் முன் பாலைக் கொட்டின. வாளி வாளியாக வந்து இறங்கியது. வடிகட்டிக்குத் திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து, சூடம் காட்டினோம். அக்கா துவைத்து மடித்து வைத்திருந்த சேலையை உடுத்திக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் சில வாளிகள் நன்றாகவே போயின. பிறகு அக்கா ஒரு கைக்குப் பதில் ரெண்டு கையாலும் திருக ஆரம்பித்தாள். நெற்றியில் வேர்வை. "என்னக்கா?" என்றேன். "ஒண்ணுமில்ல புள்ள, புதுசுல்ல, கொஞ்சம் இறுக்கமாருக்கு." இன்னும் ரெண்டு வாளி ஊற்றியதும் முக்காலியை விட்டு எழுந்து, கோணல் காலை ஊன்றி நின்று, மொத்த உடம்பையும் போட்டுத் திருகினாள். கைப்பிடி நின்றுவிட்டது. பால் மேலே வழிந்து மேடை முழுக்க ஓடியது.

வீட்டுக்காரர் ஓடிவந்து குடுவையைக் கழற்றினார். உள்ளே தகடே தெரியவில்லை. கத்தி வழித்த இடமெல்லாம் பால் திரண்டு, தகட்டு இடுக்கெல்லாம் ரப்பர் ஏறிப் பிடித்து, எல்லாம் ஒரே கட்டையாக இறுகியிருந்தது. திருகத் திருகத் திரண்டிருக்கிறது. அவள் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாளோ அவ்வளவு சீக்கிரம் அடைத்திருக்கிறது.

வெட்டுக்காரர்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. "சல்லட! சல்லட எடுத்துட்டு வாங்கடி!" என்று கத்திக்கொண்டு நான் லயத்துக்கு ஓடினேன். என் வீட்டு ஜன்னலைப் பிய்த்தேன். ஆணி அடித்த இடத்தில் வலை கிழிந்தது. கோழிக்குஞ்சு மேல் கிடந்ததைத் தூக்கினேன், ஒரே எச்சம். வெட்டின துண்டுகள் எதற்கும் ஆகவில்லை. திரும்பி ஓடிவந்தபோது அக்கா அந்த நல்ல சேலையின் முந்தானையைக் கிழித்துத் தொட்டி வாயில் கட்டிக்கொண்டிருந்தாள். துணி வழியாகப் பால் இறங்கவே இல்லை. வாளிகளில் இருந்தது எங்கள் கண் முன்னால் தயிராகி, கட்டியாகி, கெட்ட வாடை அடிக்க ஆரம்பித்தது. அக்கா கிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் சும்மா விடவில்லை. தகடு தகடாகக் கழற்றி உரித்து மறுபடி பூட்டினார். அம்மோனியா கூடுதலாக விட்டுப் பார்த்தார், தண்ணீர் கலந்து விட்டுப் பார்த்தார், மெதுவாகத் திருகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அதே கதி. கையில் இருந்த அம்மோனியாவும் தீர்ந்தது. புதுச் சல்லடைக்குக் கேட்டு எழுதினார்கள். சல்லடை வரவில்லை, உத்தரவு வந்தது. இனிமேல் ஷீட்டே வேண்டாம். பால் சிரட்டையிலேயே உறையட்டும்; ஒட்டுப்பாலாக உரித்து மூட்டையில் கட்டி அனுப்பினால் போதும். விலை குறைவுதான், ஆனால் தொல்லை இல்லை. வடிகட்டியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பவும்.

வடிகட்ட ஒன்றும் இல்லையென்றால் வடிகட்டி ஆள் எதற்கு? ஸ்டோரில் இருந்த பெண்களை எல்லாம் மலைக்கு, பால் வெட்டப் போகச் சொன்னார்கள். நானும் போனேன். அக்காவின் காலைப் பார்த்துவிட்டுப் பேரை வெட்டினார்கள்.

விடியற்காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில், எல்லோர் முன்னாலும் தொரையைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, கஞ்சி ஊத்தினப்ப நீங்களும்தானே கை தட்டுனீங்க? இப்ப அது ஒருத்தி தலையில மட்டும் எப்பிடிங்க விடியும்?"

"நான் என்னம்மா பண்றது? வேலை இருந்தாத்தானே பேர் எழுத முடியும்?"

"எங்கூட இருக்கட்டும். ஒரு மூலையில படுத்துக்கிட்டுப் போவுது."

"பேர் இல்லாத ஆளுக்குப் பாஸ் இல்லம்மா. போலீஸ்காரன் என்னைக் கேப்பான்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அடுத்த கப்பலில் அவளை ஏற்றினார்கள். மெட்ராஸில் இறக்கி, ஏதோ ஒரு முகாமுக்கு அனுப்புவார்கள் என்றார்கள். எந்த முகாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊர் சொன்னார்கள். கப்பல் அணையும் ஜெட்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ச் சேந்ததும் யாரையாச்சும் புடிச்சு ஒரு காயிதம் போடுறேன் புள்ள. மவன் வந்தா இருக்கச் சொல்லு" என்றாள். அவளுக்குப் புறப்பட்ட இடமெல்லாம் தெரியும்; போய்ச் சேரும் இடம்தான் ஒரு தடவையும் தெரிந்ததில்லை. கடிதம் வரவேயில்லை. நானும் அவளுக்கு எங்கென்று எழுதுவேன்? அவள் மகனுக்கு எழுதிப் போட்டேன், அதற்கும் பதில் இல்லை.

வடிகட்டி பெட்டிக்குள் போய் ஜெட்டிக் கொட்டகையில் கிடந்தது. ஒவ்வொரு கப்பலிலும் அரிசிக்கும் ஒட்டுப்பாலுக்கும் இடம் கொடுத்துவிட்டு, இது அடுத்த தடவை என்பார்கள்.

பிறகு ஒரு நாள் கப்பல் வந்தது. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த என்னை வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். "ஜெட்டிக்கு வா. அக்கா மவன் வந்திருக்கான்."

பாலாடை ஒட்டிய கையோடு ஓடினேன். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், அக்காவின் அதே நெற்றி. பக்கத்தில் போலீஸ்காரர், அக்காவின் பேர் இருந்தபோது போட்ட மனுவில் கிடைத்த அவனுடைய பாஸைப் புரட்டிக்கொண்டிருந்தார். "மா கா நாம் லிஸ்ட் மே நஹி ஹை. வாபஸ் ஜானா படேகா" என்றார் என்னைப் பார்த்து. அம்மா பேர் இல்லை, இதே கப்பலில் திரும்பிப் போக வேண்டியதுதான் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா எங்கங்க?" என்றான்.

"மெட்ராசுக்குப் போற கப்பல்ல ஏறுச்சுப்பா."

"மெட்ராசுல எங்க? நானு அங்கேருந்துதான் வர்றேன்."

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேனே. அந்த இடத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. அழுதேன். அவன் அழவில்லை. கப்பலில் சாமான் இறக்கி ஏற்றும் வரை நேரம் இருந்தது. கொட்டகையில் உட்கார வேறு இடம் இல்லாமல் அந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்தான். பெட்டியை விரலால் தட்டினான்.

"இதுல என்னங்க இருக்கு?"

"பாலு வடிகட்டுற மிசினு. ஒங்கம்மா அதுலதான் வேல பாத்துச்சு."

அவன் எழுந்து பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். கடிதத்தில் நான் எழுதிய புது வேலை அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"நல்லா வேல செய்யுமாங்க?"

"கஞ்சிய நல்லா வடிகட்டும்" என்றேன்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குப் பார்த்து அந்தப் பெட்டிக்கும் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. தூக்க வந்தவர்களுக்குக் கனம் தாங்கவில்லை. அவன் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். அப்படியே பிடித்துக்கொண்டு போய்க் கப்பலில் ஏறினான்.